தொண்ணூறு வருஷத்துக்கு முந்தைய நேற்று

காரில் ஏறி நான் சீட் பெல்ட் போடுவதற்குள் அங்கிள் நேற்றைய ஆட்டத்தின் முடிவைச் சொல்லிவிடுவார். "நேத்து சிகாகோக்காரன் தோத்துப்போட்டான் அம்மிணி. நம்மாளுங்க இனிக் கொஞ்சம் மூச்சு விடலாம்." தூங்கினாயா, சாப்பிட்டாயா எல்லாம் அதற்கப்புறம்தான். நம்மாளுங்க என்றால் நியூயார்க் அணி. நாங்கள் இருந்ததோ டெக்ஸாஸில், சுகர் லேண்டில். அவர் நியூயார்க்கைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. நான் அமெரிக்கா வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வீட்டில் இருந்த ஒரே காரை என் கணவர் எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஹூஸ்டன் டவுன்டவுனில் நான் வேலை பார்த்த கம்பெனியில்தான் சுகர் லேண்டிலேயே இருந்த அங்கிளும் பைப்லைன் இன்ஜினியர், அவர் காரில்தான் போவேன். காரில் இரண்டு பேர் இருந்தால் ஹெச்.ஓ.வி. லேனில் போகலாம். ஃப்ரீவேயின் நடுவே, இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர் வைத்த ஒற்றைத் தடம் அது. சுவருக்கு அந்தப் பக்கம் ஊரே நகராமல் நிற்க, நாங்கள் மட்டும் பறப்போம். லேனுக்காக அவருக்கு நான் வேண்டும், காருக்காக எனக்கு அவர் வேண்டும். இதுதான் எங்கள் உறவின் அஸ்திவாரம். அவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது, உடுமலைப்பேட்டைப் பக்கம். நான் கும்பகோணம். முதல் நாள் அம்மிணி என்று கூப்பிட்டபோது கேலி செய்கிறாரோ என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அந்த ஊரில் பெண்பிள்ளைகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது.

அந்தக் கோடையில் ஆபீஸ் முழுக்க பேஸ்பால் பேச்சு. யாரோ இரண்டு பேர் போட்டி போட்டுக்கொண்டு நம்ம ஊர் சிக்ஸர் மாதிரி ஹோம் ரன் அடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். லஞ்ச் நேரத்தில் எனக்குப் பேச ஒன்றும் இருக்காது. ஒருநாள் துணிந்து, காலையில் காரில் கேட்டதை அப்படியே எடுத்துவிட்டேன். நேற்று நியூயார்க் மேட்சில் ஜனம் தாங்காமல் மைதானத்துக்குள்ளேயே கயிறு கட்டி நிற்க வைத்தார்களாமே, ஒரே பந்து கறுப்பாகும்வரை அதையே போட்டுக்கொண்டிருந்தார்களாமே, என்றேன். மேஜையில் ஒருவருக்கும் புரியவில்லை. அடுத்த கியூபிக்கிளில் ரிடையர்மெண்டுக்குக் காத்திருந்த ஒரு டெக்ஸாஸ் கிழவர் மட்டும் சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டு, "எந்த வருஷத்து நேற்று?" என்று கேட்டார்.

சாயங்காலம் காரில் சண்டைக்குப் போனேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. "ஆயிரத்தித் தொள்ளாயிரத்து எட்டு. நான் உங்கிட்டச் சொல்லலையா?" என்றார்.

விஷயம் இவ்வளவுதான். கிரிக்கெட் பைத்தியம் அவர். அமெரிக்கா வந்தபின் பார்க்க வழியில்லாமல் காய்ந்து போயிருந்தார். ஒரு சனிக்கிழமை ஏதோ பழைய இன்ஜினியரிங் பத்திரிகை தேடி யூனிவர்சிடி லைப்ரரிக்குப் போனவருக்கு மைக்ரோஃபிலிம் ரீலை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். தொண்ணூறு வருஷத்துக்கு முந்தைய நியூயார்க் பேப்பர், ஏப்ரல் மாதம், ஸ்போர்ட்ஸ் பக்கம். சீசன் அப்போதுதான் ஆரம்பிக்கிறது. படித்தவர் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு சனிக்கிழமையும் போய், அடுத்த வாரத்துக்கான பக்கங்களைக் கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டே காப்பி எடுப்பார். தேதி மட்டும் வெளியே தெரிய மடித்து கார் டாஷ்போர்டில் வைப்பார். அந்தந்த நாளின் பக்கத்தை அந்தந்த நாள் காலையில்தான் பிரிப்பார். புதன்கிழமைப் பக்கத்தைச் செவ்வாய்க்கிழமை தொட மாட்டார். அந்த சீசன் எப்படி முடிந்தது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் மாட்டார்.

அவர் வாயிலாக அந்த வருஷம் எனக்கும் கொஞ்சம் பழகிவிட்டது. அணிகள் ஊர் ஊராக ரயிலில் போகும். பாதி ஆட்டங்களுக்கு ஒரே ஒரு அம்பயர்தான், அவன் முதுகைத் திருப்பினால் திருட்டுத்தனம். பந்தில் எச்சிலைத் துப்பிப் போடுவது தப்பே இல்லை. ஹோம் ரன் அபூர்வம், ஒரே ஒரு ரன்னுக்கு நாள் முழுக்க அடித்துக்கொள்வார்கள். நியூயார்க், சிகாகோ, பிட்ஸ்பர்க் மூன்றும் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு ஓடின. ஆபீஸில் ஜனங்கள் ஹோம் ரன்னுக்கு வாயைப் பிளக்கும்போது இவர் என்னிடம் குனிந்து, "இதெல்லாம் ஆட்டமா அம்மிணி? கரும்பு ஆலைல சக்கை விழற மாதிரி விழுந்துட்டே இருக்குது" என்பார்.

முதலில் இதை ஒரு வேடிக்கைக் கிறுக்கு என்றுதான் நினைத்தேன். போகப் போகத்தான் தெரிந்தது, பேஸ்பால் சும்மா ஒரு சாக்கு. நாளை நடப்பது எதையும் இன்று தெரிந்துகொள்ள மாட்டார். ரேடியோவில் வானிலை ஆரம்பித்தால் அணைத்துவிடுவார். ஹூஸ்டனில் வானிலை கேட்காமல் ஆபீஸ் போகிறவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும். மழையில் தொப்பலாக நனைந்து வருவார், சந்தோஷமாக. ஒருநாள் கேஃப்டீரியாவில் அந்த டெக்ஸாஸ் கிழவர் வம்புக்கு, "செப்டம்பரில் உன் நியூயார்க்குக்கு என்ன ஆகிறது தெரியுமா?" என்று ஆரம்பித்தார். இவர் இரண்டு காதுகளையும் விரலால் அடைத்து, கண்ணை மூடி, ம்ம்ம் என்று ராகம் இழுக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு மேஜைக்கடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

அவர் வீட்டிலும் இதே கூத்துதான். சினிமா கேசட் எடுத்து வந்தால், ஏற்கனவே பார்த்தவர்கள் அந்த ரூமில் உட்காரக் கூடாது. மூச்சு விடுவதிலேயே கதை தெரிந்துவிடுமாம். அவர் மனைவி ஆன்ட்டியும் நானும் பகலில் முன்கூட்டியே பார்த்துவிடுவோம். ராத்திரி அவர் போடும்போது ஆன்ட்டி ஒன்றும் தெரியாதவள் மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து, அழ வேண்டிய இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அவருக்குத் துளி சந்தேகம் வராது. அந்த அம்மாவின் நடிப்புக்கு எந்த சினிமாக்காரியும் பக்கத்தில் வர முடியாது.

"கல்யாணத்துக்கு ஜாதகம் பாக்கக் கூடாதுன்னு ஒத்தக் கால்ல நின்னாரு," என்று ஒரு தடவை ஆன்ட்டி சொன்னாள். "எங்கூட்ல எல்லாரும், ஆஹா பகுத்தறிவுக்கார மாப்பிள்ளைன்னு மெச்சுனாங்க. பகுத்தறிவுமில்ல ஒண்ணுமில்ல. பயம்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கு அந்தக் கடைசி வார்த்தை பிடிக்கவில்லை. ஏனென்றால் அப்போது அவளுக்கு உடம்பு சரியில்லை.

வயிற்றில் கட்டி, மருந்து ஏற்றுகிறார்கள் என்று மட்டும் அங்கிள் சொல்லியிருந்தார். அதற்குமேல் கேட்டால், "இன்னிக்கு ரெண்டு இட்லி தின்னா" என்பார். இல்லாவிட்டால், "இன்னிக்கு வாந்தி இல்லை." இன்றைய ஸ்கோர் மட்டும்தான். பிள்ளைகள் இல்லாத வீடு. சனிக்கிழமைகளில் அவர் லைப்ரரிக்குப் போனதும் நான் ஆன்ட்டிக்குத் துணையாகப் போய் உட்காருவேன். மே மாதத்தில் எழுந்து காப்பி போட்டுக் கொடுத்தவள், ஜூலையில் படுத்தபடியே, "டிகாஷன் ஃப்ரிட்ஜ்ல இருக்குது, நீயே போட்டுக்க சாமி" என்றாள்.

அப்படி ஒரு சனிக்கிழமைதான் என்னை உட்காரச் சொல்லிச் சொன்னாள். "மே மாசம் அந்த டாக்டரம்மா என்ன சொன்னாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

ஆஸ்பத்திரியில் அமெரிக்க வழக்கப்படி நோயாளியிடமே எல்லாவற்றையும் சொல்வார்கள். ஆன்ட்டிக்கு இங்கிலீஷ் வராது என்று இவரே சொல்லி, மொழிபெயர்க்க ஆள் தரட்டுமா என்று அவர்கள் கேட்டபோது, நான் புருஷன், நானே சொல்லிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு டாக்டர் நேராக ஆன்ட்டியின் முகத்தைப் பார்த்துச் சொன்னாராம்: கல்லீரலுக்குப் பரவிவிட்டது, இனி குணமாகாது. எவ்வளவு நாள் என்று டாக்டர் ஆரம்பித்ததும் இவர் கையைத் தூக்கி, ப்ளீஸ், நம்பர் வேண்டாம் என்றாராம். அப்படியானால் ஒன்று மட்டும் சொல்கிறேன், ஊருக்குப் போக ஆசை இருந்தால் உடம்பில் தெம்பு இருக்கும்போதே, உடனே கூட்டிக்கொண்டு போங்கள் என்றாராம் டாக்டர். இவர் ஆன்ட்டி பக்கம் திரும்பினார். "மருந்தை விடாம எடுக்கணுமாம், நல்லாச் சாப்பிடோணுமாம்" என்றார்.

"எனக்கு இங்கிலீஷ் வராதா?" என்றாள் ஆன்ட்டி. "பேசத்தான் வராது. பத்து வருஷமா மத்தியானம் டிவில நாடகம் பாத்துட்டுக் கெடக்கறேன். அதுல வராத வியாதியா?"

அப்பவே ஏன் கேட்கவில்லை என்றேன்.

"அவரே சொல்லட்டும்னு பாத்தேன். இன்னிக்குச் சொல்லுவாரு, நாளைக்குச் சொல்லுவாருன்னு. எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா அந்த மனுசன் ஒடிஞ்சுபோயிருவாரு." அப்புறம் தலையணையை நிமிர்த்தி வைக்கச் சொன்னாள். "எனக்கு வேறெந்த ஆசையும் இல்லை அம்மிணி. உடுமலைல என்ற அக்கா இருக்கறா. முட்டி வலி, அவளால வர முடியாது. நாங்க ரெண்டு பேரும் பேச உக்காந்தா அடுப்புல சோறு தீஞ்சுபோகும். பொணமாப் போய் அவ முன்னால படுக்கறதுக்கு எனக்கு இஷ்டமில்லை. பேச்சு இருக்கறப்பவே போகோணும். நீ சொன்னாக் கேப்பாரு."

நான் சொன்னால் கேட்பாரா மாட்டாரா என்றெல்லாம் யோசிக்கவில்லை. எனக்குக் கோபம். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து கண்ணாமூச்சி ஆட, நடுவில் நாட்கள் போய்க்கொண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாய்க்குள்ளேயே ஒத்திகை பார்த்தேன். திங்கட்கிழமை காலை, வண்டி ஹெச்.ஓ.வி. லேனுக்குள் நுழையும்வரை பொறுத்திருந்தேன். அதில் நுழைந்துவிட்டால் நடுவில் எங்கேயும் இறங்க முடியாது, கேட்டுத்தான் ஆக வேண்டும்.

"அங்கிள், ஆன்ட்டியை ஊருக்கு அனுப்புங்க. டாக்டர் சொன்னது அவங்களுக்கு எல்லாம் தெரியும். அன்னிக்கே புரிஞ்சிடுத்து."

ரோட்டையே பார்த்து ஓட்டினார். பிறகு, ரொம்ப சாதாரணமான குரலில், "நேத்து நம்மாளுங்களுக்கு டபுள் ஹெடர், ஒரே நாள்ல ரெண்டு ஆட்டம். ரெண்டும் ஜெயிச்சாச்சு," என்றார்.

எங்கிருந்து வந்ததோ எனக்கு அந்த ஆத்திரம்! சீசன் முடிவு எனக்குத் தெரியும். அந்த டெக்ஸாஸ் கிழவரிடம் எப்போதோ கேட்டு வைத்திருந்தேன், எனக்கு அடக்கம் கிடையாது. "உங்க ஆளுங்க கடைசியில தோத்துடுவாங்க அங்கிள்," என்றேன். காதை அடைக்க முடியாது, இரண்டு கையும் ஸ்டீயரிங்கில். விடாமல் சொன்னேன். செப்டம்பரில் நியூயார்க்குக்கும் சிகாகோவுக்கும் ஆட்டம். ஸ்கோர் சமம், கடைசி அடி. மூன்றாவது பேஸில் இருந்தவன் ஓடி வந்து ரன் எடுத்துவிட்டான். ஜெயித்தாச்சு என்று ஜனம் மைதானத்துக்குள் புகுந்துவிட்டது. முதல் பேஸில் நின்ற பத்தொன்பது வயதுப் பையன் இரண்டாவது பேஸ்வரை ஓடித் தொட வேண்டும், தொட்டால்தான் அந்த ரன் செல்லும். தொடாமல் பாதியிலேயே திரும்பி டிரெஸ்ஸிங் ரூமுக்கு ஓடிவிட்டான். சிகாகோக்காரன் ஒருவன் அந்தக் கூட்டத்தில் எங்கிருந்தோ ஒரு பந்தைப் பிடித்து வந்து பேஸில் நின்று அவுட் கேட்டான். அம்பயர் கொடுத்துவிட்டார். ரன் செல்லாது, ஆட்டம் டிரா. சீசன் முடிவில் இரண்டு அணியும் சமமாக நிற்க, அந்த ஒரு ஆட்டத்தைத் திரும்ப ஆடினார்கள். நியூயார்க் தோற்றது. சாகும்வரை அந்தப் பையனுக்கு மண்டூகம் என்ற பேர் போகவில்லை.

"போதும்மா," என்றார். அதுவரை என்னை அம்மா என்று அவர் கூப்பிட்டதில்லை.

நான் செய்தது தப்பென்று அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க காரில் ஏறினால் சீட் பெல்ட் சத்தம் மட்டும்தான். நேற்றைய ஆட்டம் என்ன ஆச்சு என்று அவர் சொல்லவில்லை. டாஷ்போர்டில் பேப்பரும் இல்லை. ரேடியோவில் வானிலை அறிக்கை முழுசாக ஓடியது, அணைக்கவில்லை. இரண்டு பேரும் கேட்டுக்கொண்டு போனோம்.

அடுத்த சனிக்கிழமை காலையில் லைப்ரரிக்குப் போனவர் சாயங்காலம்தான் வந்தார். அக்டோபர்வரை உட்கார்ந்து படித்துவிட்டிருக்கிறார். திங்கட்கிழமை காரில், டவுன்டவுன் கட்டிடங்கள் தெரிய ஆரம்பித்த பிறகு பேசினார்.

"அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான் ஓடிருவாங்களாமா அம்மிணி. கடைசி ரன் வந்துட்டா மத்தவன் பேஸைத் தொடறதில்லை. ஜனம் உள்ள வரும், மேல விழும், தொப்பியப் புடுங்கும். எல்லா ஊர்லயும் அதே பழக்கந்தான். அதனால அவனும் ஓடிட்டான்." கொஞ்ச தூரம் போனபின், "எங்கப்பாவுக்கு முடியாமப் போனப்பவும் நாங்க யாரும் அவருகிட்டச் சொல்லலை. எங்க பெரியம்மாவுக்கும் சொல்லலை. சொல்றது பாவம்னு நெனச்சோம். அப்படித்தான் பழக்கம்," என்றார்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"வியாழக்கிழமை அப்பாயிண்ட்மெண்ட். நீயும் வா. நான் ஏதாச்சும் விட்டுப்போட்டன்னா நீ எடுத்துக் குடு."

ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன ரூமில் ஆன்ட்டி சக்கர நாற்காலியில் இருந்தாள். இவர் எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு, டாக்டருக்கு முதுகைக் காட்டி, பெண்டாட்டியின் முகத்துக்கு நேரே உட்கார்ந்தார். டாக்டர் ஒரு வாக்கியம் சொல்வார், இவர் அதைத் தமிழில் சொல்வார். "கல்லீரல் முழுக்கப் பரவிருச்சாமா." ஆன்ட்டி தலையாட்டினாள். "மருந்து கேக்கலையாமா. இனி நிறுத்திறலாம்ங்கறாங்க." அதற்கும் தலையாட்டினாள். டாக்டர் சொன்ன நிமிஷமே அவளுக்குப் புரிந்துவிடும் என்பது இப்போது அந்த ரூமில் எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் அவர் வாயைப் பார்த்துக் காத்திருந்தாள். ஒரு தடவைகூட முந்திக்கொள்ளவில்லை. ஐயோ, அந்தப் பொறுமையை நான் எங்கே போய்ச் சொல்ல.

எவ்வளவு நாள் என்று இவரே இங்கிலீஷில் கேட்டார். மாசங்கள் இல்லை, வாரங்கள் என்றார் டாக்டர். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சொல்லிவிடுவேனோ என்று எனக்கே பயம். உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "வாரக்கணக்குத்தானாமா, புள்ளே," என்று அவரே சொன்னார்.

ஊருக்குப் போகலாமா என்று கேட்டார். மே மாதம் என்றால் தயங்காமல் சரி என்றிருப்பேன், இப்போது வழியிலேயே ஏதாவது ஆகலாம், முடிவு உங்களுடையது என்றார் டாக்டர். இவர் அதையும் சொன்னார், ஒரு சொல் விடாமல். சொல்லிவிட்டு, டாக்டர் சொல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொண்டார். "மே மாசமே எங்கிட்டச் சொன்னாங்க. நான் உங்கிட்டச் சொல்லலை."

ஆன்ட்டி அவர் சட்டைக் காலரில் மடிந்திருந்ததை நீவிவிட்டாள். "சரிங்க. போறேன்னு சொல்லுங்க அவங்ககிட்ட," என்றாள்.

வலி மருந்தும் ஆஸ்பத்திரிக் கடிதமுமாக அந்த வாரமே கிளம்பினார்கள். ஏர்போர்ட்டில் ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு ஃப்ரிட்ஜில் இருந்த மாவை வீணாக்காதே என்றாள். திங்கட்கிழமை என் கணவர் என்னை இறக்கிவிட்டார், அதன்பின் நான் டிரைவிங் கற்றுக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை உடுமலைப்பேட்டையிலிருந்து போன் வந்தது. கோயமுத்தூரில் இறங்கும்வரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்ததையும், வாசலில் அக்கா நின்றதையும் சொன்னார். போன வியாழக்கிழமை ஆன்ட்டி போய்விட்டாள் என்றும் அதே குரலில் சொன்னார்.

"வந்ததும் ரெண்டு நாள் நல்லாப் பேசுனா அம்மிணி. அவங்கக்காளும் இவளும் உள்ள. நான் வெளிய சேர் போட்டு உக்காந்து கேட்டுட்டே இருந்தேன். என்னத்துக்குச் சிரிக்கறாங்கன்னே தெரியலை, அப்படியொரு சிரிப்பு. அப்புறம் மருந்து மயக்கம். ஒரே தூக்கந்தான்."

அங்கே யாரோ பாத்திரம் தேய்க்கும் சத்தம் போனில் கேட்டது. நான் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"மே மாசமே வந்திருந்தா ரெண்டு மாசம் பேசியிருப்பா," என்றார்.

"ஆமாம் அங்கிள்," என்றேன்.